வில்லனுக்கு என்ன பவர் கொடுக்கலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்ததில் ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் மற்றதை எல்லாம் பின்னால் தள்ளிவிட்டு இதை முதலில் எடுக்கிறேன்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து சூப்பர்ஹீரோ ஆடியோ தொடர் ஒன்று செய்கிறாராம். கதாநாயகன் ஈபி லைன்மேன். ஒரு நாள் கம்பத்தில் ஷாக் அடித்துப் பிழைக்கிறான். அதற்குப் பிறகு கரண்டை உடம்புக்குள் இழுத்து வைத்துக்கொள்ளவும் வெளியே விடவும் அவனால் முடிகிறது. ஒவ்வொரு பகுதியிலும் சக்தி உள்ள ஒருவர் புதிதாக வந்து போவார். சிலர் நல்லவர், சிலர் வில்லன். "தீ, பனி, பறப்பது, மறைவது எல்லாம் தீர்ந்துவிட்டது சார். ஆறாவது பகுதி வில்லனுக்கு என்ன பவர் கொடுப்பது? இன்னொன்று, வில்லன்களையாவது கேட்பவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நல்லவர்கள் வந்து போனதே யாருக்கும் நினைவில்லை." இதுதான் கேள்வி.

தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எங்கே போகப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். பரவாயில்லை, இன்னொரு முறை சொல்கிறேன். வருகிறவர் என்ன வேலையாக வந்தார்? முதலில் அதை முடிவு பண்ணுங்கள், பவர் அப்புறம். கதாநாயகனோடு மோதுவதற்காகவே ஒருவர் கிளம்பி வந்தால், மோதல் முடிந்ததும் அவரும் முடிந்தார். அவருக்கென்று ஒரு வேலை இருந்து, அந்த வழியில் கதாநாயகன் குறுக்கே நின்றால், அந்த ஆள் கேட்பவர் மனதில் தங்குவார்.

பேட்மேன் கதைகளில் வரும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் காமிக்ஸில் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்தார். 1966-இல் தொடங்கிய பேட்மேன் டிவி தொடரில்தான் மிஸ்டர் ஃப்ரீஸ் ஆனார். அந்தத் தொடரின் டைட்டிலில் "சிறப்பு விருந்தினர் வில்லன்" என்றே போடுவார்கள். நம் தம்பி செய்வதும் அதே அமைப்புதான். ஃப்ரீஸ் வேடத்தில் மூன்று நடிகர்கள் மாறி மாறி வந்தார்கள். வைரம் திருடுவார், பேட்மேனைப் பழிவாங்கப் பார்ப்பார். எதையும் உறைய வைக்கும் துப்பாக்கி அப்போதே கையில் இருந்தது. 1992-இல் வந்த கார்ட்டூன் தொடரும் அதே துப்பாக்கியைத்தான் கொடுத்தது. கூடவே ஒரு மனைவியையும் கொடுத்தது. தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும் வரை அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். செலவைக் காட்டி முதலாளி ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்துகிறான். அந்தக் கலவரத்தில் நடக்கும் விபத்துக்குப் பிறகு குளிரை விட்டு வெளியே வந்தால் ஃப்ரீஸால் உயிர்வாழ முடியாது. இப்போது அவர் தேடி வருவது அந்த முதலாளியை. பேட்மேன் இடையில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். பிறகு காமிக்ஸ்காரர்களும் இந்தக் கதையையே எடுத்துக்கொண்டார்கள். பவர் மாறவே இல்லை பாருங்கள், வந்த வேலை மாறியது.

நம்மிடம் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. வாலி. ஒரே காண்டத்தில் வந்து போகிறவன். எதிரே நிற்பவரின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். என்ன ஒரு பவர்! ஆனால் அவனுக்கு இராமனோடு எந்தப் பகையும் கிடையாது. தம்பியோடு சண்டை, அது அவன் வீட்டு விவகாரம். நேருக்கு நேர் நின்றால் வெல்ல முடியாது என்பதால் இராமன் மறைந்து நின்று அம்பு விடுகிறான். கம்பன் காட்டும் வாலி, மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் இருக்கும் பெயரைப் படிக்கிறான். அதற்கப்புறம் அவன் கேட்கும் கேள்விகளை வைத்து இன்றும் பட்டிமன்றம் நடக்கிறது. வந்து போனவன் ஒருவன், காலத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது கதாநாயகன். இப்படி ஒரு விருந்தாளியை எழுத வேண்டும் தம்பி.

சரி, உங்கள் லைன்மேனுக்கு வருவோம். நான் இருப்பது சென்னை வேளச்சேரி. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும். கீழ்த்தளத்தில் தேங்கிய தண்ணீரை வெளியே இறைப்பார்கள். சண்டை எதில் வரும் தெரியுமா? பைப்பின் முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில். ஒருவர் இடது பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போவார். ஐந்து நிமிடத்தில் இடது பக்கத்து வீட்டு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் முனையை வலது பக்கம் திருப்பி, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார். உங்கள் ஆறாவது பகுதி அந்தச் செங்கல்லில் இருக்கிறது.

அந்த அம்மாவுக்குச் சக்தி கொடுங்கள். தண்ணீரை நகர்த்த முடியும். மாயமாக்க முடியாது, நகர்த்தத்தான் முடியும். ஒரு தெருவை விட்டுப் போனால் இன்னொரு தெருவுக்கு வந்தே தீரும். வேளச்சேரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே கோவளம் பக்கம் கடலுக்குப் போக வேண்டும். இது நிஜமான பாதை. அது தானாக வடியும்வரை காத்திருக்க அவரால் முடியாது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். கட்டிலின் கால் நனைந்துவிட்டது. ஒரே தள்ளாகத் தள்ளிவிடுகிறார். வேளச்சேரி காய்கிறது, செம்மஞ்சேரி மூழ்குகிறது. நகரத்துக்குள் இருந்து எடுத்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட சனங்கள் இருக்கும் இடம் அது. வேளச்சேரியில் அவர் தெய்வம், செம்மஞ்சேரியில் அரக்கி. அவர் நல்லவரா வில்லனா என்று நீங்கள் எங்கேயும் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் கதாநாயகனைக் கொண்டுவாருங்கள். அவன் சக்தி கரண்ட். சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், அதில் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள். தெருவோரத்தில் நிற்கும் மின்சாரப் பெட்டியான பில்லர் பாக்ஸ் மூழ்கினால் ஈபியில் முதல் வேலையாக சப்ளையை நிறுத்துவது எதற்காக என்று ஒரு லைன்மேனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? உடம்பில் இருக்கும் கரண்டை அவன் கொஞ்சம் வெளியே விட்டாலும் அந்தத் தெருவே பிணமாகும். ஐந்து பகுதிகளாகச் சக்தியை வைத்தே ஜெயித்தவன் இந்தப் பகுதியில் சக்தியை அடக்கிக்கொண்டு, அந்த அம்மாவின் வீட்டு வாசலில் நின்று வெறும் வாயால் பேச வேண்டும். எனக்கு அந்தக் காட்சியைக் கேட்க அவ்வளவு ஆசையாக இருக்கிறது.

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன். நல்லவர்கள் ஏன் மனதில் நிற்பதில்லை? அவர்களை நாம் உதவிக்குக் கூப்பிட்ட ஆட்களாகவே எழுதுகிறோம். கதாநாயகன் தவிக்கும்போது வருகிறார், தோள் கொடுக்கிறார், போகிறார். அவருக்கு வேறு சோலியே கிடையாதா? இதே அம்மாவைக் கோடையில் திரும்பக் கொண்டுவாருங்கள். 2019 நினைவிருக்கிறதா? ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அப்படி ஒரு கோடையில் செம்மஞ்சேரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார். மழைக்காலத்தில் செய்ததற்கு ஈடுகட்டத்தான் வந்திருக்கிறார், அது அவருடைய சொந்த வேலை. லைன்மேனைப் பார்க்கக்கூட வரவில்லை. ஆனால் அவரால் நகர்த்தத்தான் முடியும், இல்லையா? அப்படியானால் எந்த ஊர்க் கிணறு வற்றியது? லைன்மேன் அதைக் கேட்டே ஆக வேண்டும். இரண்டு பேரும் நல்லவர்கள், இருந்தும் மோதல் வந்துவிட்டது. இந்த நல்லவரை யாரும் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, உங்களுடையது ஆடியோ. சக்தியைக் காட்ட முடியாது, கேட்கத்தான் வைக்க முடியும். காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முத்து காமிக்ஸில் 1972-இலிருந்து படித்தவர்களுக்கு அந்த ஒரு கை போதும். காதுக்கு அப்படி ஒன்று தேடுங்கள். தண்ணீர் ஏறும்போது வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் மிதந்து கிரில் கேட்டில் தட்டும். பிளாஸ்டிக் குடம் உருண்டு சுவரில் மோதும். அந்த அம்மா வருவதற்கு முன்னால் அந்தத் தட்டல் கேட்கட்டும். கோடைப் பகுதியிலும் அதே தட்டல் வந்தால், அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, அந்த வாசல் காட்சியை முதலில் அனுப்புங்கள். அடுத்த கேள்வி, தாம்பரத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.