காப்பார் சிம்னியில என்ன வருது?

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரையுது, பொறுத்துக்குங்க.

மலேசியாவுல சிலாங்கூர் காப்பார்ல இருக்கிற உங்களுக்கு நிலக்கரி கரண்ட் ஸ்டேஷன பத்தி நான் புதுசா என்ன சொல்றது, மொத்தமா கட்டுனது 2420 மெகாவாட், கடலோரத்துல நிக்குது. ஆனா நம்மாளுங்ககிட்ட ஒரு பேச்சு இருக்கு, செம்பனை எண்ணெய் ஆலை சிம்னிதான் கருப்பா கக்குது, ஸ்டேஷன் சிம்னியில ஒண்ணுமே வரலன்னு. அதத்தான் இன்னிக்கு பேசப் போறேன்.

ஆலையில செம்பனைப் பழத்தோட நாரையும் கொட்டை ஓட்டையும் போட்டு எரிக்கிறாங்க, புகை கண்ணுக்குத் தெரியுது. ஸ்டேஷன்ல நிலக்கரிய மாவா அரைச்சு பாய்லருக்குள்ள ஊதி எரிக்கிறாங்க. அந்தச் சாம்பலப் புடிக்க புகை போற வழியில வரிசையா இரும்புத் தகடு தொங்கும், ஹை வோல்டேஜ் குடுத்தா சாம்பல் போய் தகட்டுல அப்பிக்கும், அப்பப்ப ஒரு சுத்தியல் வந்து தட்டும், பொலபொலன்னு கீழ தொட்டியில கொட்டும். நூத்துக்கு 99 பங்குக்கு மேல புடிச்சிடும், அத சிமெண்டுலயும் சேக்குறாங்க. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா தகடு தூசியத்தான் புடிக்கும், கேஸ புடிக்காது லா. நிலக்கரியில இருக்கிற கந்தகம் எரிஞ்சு சல்ஃபர் டை ஆக்சைடா போகுது, நைட்ரஜன் ஆக்சைடும் கூடவே போகுது, ரெண்டும் காத்துல போகப் போக மத்த கேஸோட சேந்து பொடித் துகளா மாறுது, அதான் பிஎம் 2.5, மூக்குல நிக்காது, நேரா நுரையீரல்தான். சிம்னிய ஒசரமா கட்டுனா பக்கத்துல இருக்கிறவனுக்கு கொறையும், தள்ளி இருக்கிறவனுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

நம்ம மலேசியாவோட 2014 சுத்தக் காத்து சட்டத்துல நிலக்கரி ஸ்டேஷனுக்கு ஒரு கன மீட்டர் புகையில 500 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு வரைக்கும் விடலாம். சீனாவுல பெரிய ஸ்டேஷனுக்கு வெச்சிருக்கிற கணக்கு 35. நாம உக்காந்து சீனாவ அழுக்குன்னு பேசிக்கிட்டு இருக்கோம்! முடியாத வேலையும் இல்ல, நம்ம பேராக் மஞ்சோங் நிலக்கரி ஸ்டேஷன்லயே கடல்தண்ணிய வெச்சு புகையில இருக்கிற கந்தகத்தக் கழுவுறாங்க.

புகைமூட்டம் வந்தா இந்தோனேசியாவத் திட்டுறோம், சரி, திட்டணும். அதே இந்தோனேசியாவுல இருந்துதான் நம்ம நிலக்கரியில பெரும்பங்கு கப்பல்ல வருது, அத வருஷம் பூரா நாமளே கரண்டுக்காக எரிக்கிறோம், அதுக்கு யாரும் வாயத் தொறக்கல. ஏர்கோன் போடாதீங்கன்னு நான் சொல்ல வரல, என் வீட்லயும் ஓடுது.

ஐபியு, அதான் காத்துத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அந்த நம்பர் பாத்தா போதாதான்னு ஒரு தம்பி கேட்டாரு. அது லாரி, மோட்டார், கட்டை எரிக்கிறது எல்லாம் கலந்த ஊர்க் காத்து. சிம்னிக்குன்னு தனியா மீட்டர் இருக்கு, நிக்காம அளக்குது, கணக்கு சுற்றுச்சூழல் துறைக்குப் போகுது. அந்த நம்பர டவுன்ல ஒரு போர்டுல தினமும் காட்டுங்கன்னு ஒரு லெட்டர் எழுதியிருக்கோம், பின்னால மேசையில இருக்கு. படிச்சிட்டு கையெழுத்து போடுங்க, புடிக்கலன்னா தேத்தண்ணி குடிக்கிறப்ப என்கிட்ட நேரா சண்டைக்கு வாங்க.