தான் எழுதியதை மறுத்த மனிதர்: நினைவிழப்பும் திகில் சிறுகதையும்

வணக்கம் நண்பர்களே. நினைவிழப்பை மையமாகக் கொண்ட உளவியல் திகில் சிறுகதைகளில் பல, ஒரே இடத்தில் போய் முடிகின்றன: இத்தனை நேரம் தேடப்பட்ட கொலைகாரன், நினைவை இழந்த நாயகனேதான் என்று கடைசிப் பத்தி அறிவிக்கிறது. அந்த அதிர்ச்சி முதல் வாசிப்போடு தீர்ந்துவிடுகிறது. நினைவு போன பிறகும் ‘நான்’ என்று பேசுகிறாரே, அவர் யார் என்ற கேள்விதான் இவ்வகைக் கதையின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை விளங்கிக்கொள்ள, உண்மையிலேயே நினைவை இழந்து வாழ்ந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்து இசைக்கலைஞர் கிளைவ் வேரிங்கின் மூளையை 1985ஆம் ஆண்டு ஹெர்பிஸ் வைரஸ் தாக்கியது. அதன்பின் எந்தப் புதிய நினைவும் அவரிடம் சில விநாடிகளுக்கு மேல் தங்கவில்லை. அவர் நாட்குறிப்பு எழுதினார். இப்போதுதான் முதன்முறையாக விழித்திருக்கிறேன் என்று நேரத்தோடு குறிப்பார். சற்று நேரத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, இப்போதுதான் உண்மையில் விழித்தேன் என்று அடுத்த வரியை எழுதுவார். பக்கம் பக்கமாக இது நீள்கிறது. கையெழுத்து தன்னுடையது என்பதை ஒப்புக்கொள்வார்; எழுதியது தான் என்பதை மட்டும் கோபத்தோடு மறுப்பார். ஒவ்வொரு அடித்தலும், சற்று முன் விழித்திருந்த மனிதரை இல்லாதவராக்கிவிடுகிறது. பேயோ இருட்டோ இல்லாமலே இந்தப் பக்கங்கள் என்னை நடுங்க வைக்கின்றன.

கதை வடிவத்திற்கும் இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. எல்லாவற்றையும் மறந்தவர் தன் கதையைத் தானே எப்படிச் சொல்ல முடியும் என்ற சிக்கலை, இத்தகைய நாட்குறிப்பு தீர்த்துவைக்கிறது. அடிக்கப்பட்ட வரிகளை நினைவில் சுமப்பவர் வாசகர் மட்டுமே என்பதால், அச்சமும் முழுக்க வாசகருடையதாகிறது. ஒரே அமர்வில் படித்து முடிக்கும் சிறுகதையில், முதல் வரி மனத்தில் ஈரமாக இருக்கும்போதே கடைசி வரி வந்துவிடுகிறது. நாவலுக்கு அந்த வசதி குறைவு.

அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953ஆம் ஆண்டு, வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவைச் சிகிச்சையில் மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கு அகற்றப்பட்டது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடியே நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவருடைய கை தேர்ச்சி பெற்றது. பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. இதைக் கதையாக எழுதுபவர், அந்தக் கை வேறு எதற்கெல்லாம் பழகியிருக்கிறது என்று கேட்டாலே போதும். பூட்டிய கதவைச் சத்தமில்லாமல் திறக்க ஒரு கை அறிந்திருக்கிறது, கைக்கு உரியவரோ அறியவில்லை.

தயமின் என்ற வைட்டமின் பி1 குறைபாட்டால் வரும் கோர்சகாஃப் என்ற நினைவிழப்பு நோயில், நினைவின் இடைவெளிகளை மனம் தானே கற்பித்து நிரப்பிக்கொள்கிறது. இந்த நோயாளிகள் பொய் சொல்வதில்லை, சொல்வதை முழுமையாக நம்புகிறார்கள். அப்படி ஒரு கதைசொல்லி அமைந்தால், அறையில் இருந்த நாற்காலியை இரண்டாம் பக்கத்தில் இடம் மாற்றி வைத்தாலே போதும்: வாசகர் திடுக்கிடுவார், கதைசொல்லியோ அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்று பொறுமையாக விளக்கிக்கொண்டே போவார்.