ஹூசிலும் ஈய டோக்கனும்

நேயர்களுக்கு வணக்கம். கோயிலில் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்து உண்ணும் சடங்கு இருக்கிறதே, நம் கத்தோலிக்கர்கள் 'நற்கருணை' என்பதை சீர்திருத்த சபையார் பலர் 'இராப்போஜனம்' என்பார்கள். சொல்லைக் கேட்டாலே எந்தக் கோயில் என்று தெரிந்துவிடும். ஸ்காட்லாந்திலும் அப்படித்தான்.

பழைய ஸ்காட்ஸ் மொழியில் இதற்கு 'ஹூசில்' என்று பெயர். பழைய ஆங்கிலத்து 'ஹூஸ்ல்'தான் மூலம். கோத்தியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரின் நான்காம் நூற்றாண்டு பைபிளில் இதன் உறவுச்சொல் 'ஹுன்ஸ்ல்', பொருள், பலி. ஸ்காட்ஸ் பேசியவர்களுக்கு அந்த வேர் தெரிந்திருக்காது. ஆனால் சொல் பழைய பூசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 1560இல், சீர்திருத்தத்தின்போது, ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கத்தோலிக்கப் பூசையைத் தடை செய்தது. பீடம் போய் மேசை வந்தது. மண்டியிடுவது போய், உட்கார்ந்து உண்பது வந்தது. ஹூசிலும் மெல்ல வழக்கொழிந்தது.

மேசை என்றால் யார் உட்காரலாம் என்ற கேள்வி வருமல்லவா? அங்கேதான் டோக்கன். ஆமாம், ரேஷன் கடையில் வாங்குகிறோமே, அதே சொல்தான்! மூப்பர்களும் போதகரும் வினாவிடை கேட்டு, நடத்தையையும் விசாரித்து, தேறியவருக்கு ஒரு ஈயத் துண்டு கொடுப்பார்கள். பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. ஊரின் முதலெழுத்து, சிலவற்றில் ஆண்டும் இருக்கும். மேசைக்கு வரும்போது மூப்பர் அதை வாங்கிக்கொள்வார். துண்டு இல்லையா, இடமில்லை.

வார்ப்பது எளிது, ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். கரண்டியில் உருக்கி இரட்டை அச்சில் ஊற்றினால் போதும். அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் மூலைவரை ஓடாது, எழுத்து மொட்டையாகும். ஈரம் இருந்தாலோ ஆவி கிளம்பி ஈயம் தெறிக்கும். இன்னொன்று, அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல வெட்ட வேண்டும். மறந்து நேராக வெட்டினால் டோக்கனில் புரண்டுவிடும். ஆங்கில 'என்' (N) எழுத்து புரண்ட டோக்கன்கள் நிறையவே கிடைத்திருக்கின்றன. எனக்கு அவைதான் பிடிக்கும். ஊர்க் கொல்லனின் கை அதில் தெரிகிறது.

நேரம் நெருங்குகிறது, சுருக்கிவிடுகிறேன். 1560ஆம் ஆண்டுச் சபை ஒழுங்கு நூல் இராப்போஜனம் ஆண்டுக்கு நான்கு முறை என்றது. பல ஊர்களில் ஒரு முறை நடந்தாலே பெரிது. அபூர்வமானதால் ஜனங்கள் அதை 'அக்கேஷன்' என்றே அழைத்தார்கள், நாம் 'விசேஷம்' என்பதுபோல. வியாழன் உபவாசம், சனி ஆயத்தம், ஞாயிறு மேசை, திங்கள் நன்றி. ஸ்காட்லாந்தின் இன்னொரு மொழியான கேலிக் பேசும் லூயிஸ் தீவில் இந்த நாள்வரிசை நம் காலம்வரை நீடிக்கிறது. அங்கே வெள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு, 'கேள்வி நாள்'. வணக்கம்.