கைக்கு ஒரு பொத்தான்

தலைவர் அவர்களே, நண்பர்களே,

போன மாதம் என் மகள் எனக்கு ஒரு பரிசு தந்தாள். காசு அளவுக்கு ஒரு வெள்ளை வில்லை. மேற்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டால் 14 நாள் போனில் சுகரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. ஆனாலும் பயம் யாரை விட்டது?

முதல் நாள் காலை மூன்று இட்லி. முக்கால் மணி நேரத்தில் சுகர் 152. மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் நாள் மாலை பசி தாங்காமல் நாலு மெதுவடை. போனில் கோடு 118க்கு மேல் ஏறவில்லை. ஆக, இட்லி ஆகாது, வடை ஆகும்! இதற்கு ஒரு காரணம் உண்டு: எண்ணெய் இருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். வடை குடித்த எண்ணெயைப் போன் கணக்கில் எடுப்பதில்லை. 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கிளைசீமிக் குறியீட்டிலும், அதாவது எந்த உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று சொல்லும் எண்ணிலும், இதே கூத்து உண்டு. அவித்த உருளைக்கிழங்கைவிட ஐஸ்கிரீமுக்குக் குறைந்த எண்.

சரி, அந்த 152? நோயில்லாதவருக்கும் சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் 140ஐத் தாண்டுவது உண்டு. கணையம் இன்சுலினைச் சுரந்து இறக்கிவிடும். எனக்கும் இறங்கியது. இறங்கியதை நான்தான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்குப் போன் அலறியது. சுகர் 58க்கு இறங்கிவிட்டதாம்! என் மனைவி ஒரு கரண்டி சீனியை வாயில் திணித்துவிட்டாள். விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்த்தால் 96. அந்த வில்லை ரத்தத்தைப் பார்ப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே உள்ள நீரைப் பார்க்கிறது. அந்தக் கைமேலேயே படுத்துத் தூங்கினால் அங்கே அழுத்தம் ஏற்பட்டு எண் பொய்யாக விழும். நான் அப்படித்தான் படுத்திருந்தேன்.

கருவியைக் குறை சொல்லவில்லை. டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோய் உள்ள குழந்தையின் தாய்க்கு, ராத்திரியில் எழுந்து எழுந்து பிள்ளை விரலைக் குத்தியவளுக்கு, அது வரம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இன்சுலின் போடாதவர்கள் மருந்துச் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று இப்படி ஒரு கருவிக்கு அனுமதி தந்தது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. வியாபாரிக்கு அது போதுமா? மீதி 130 கோடிப் பேரும் பயப்பட வேண்டாமா?

நாம்தான் தேடிப்போய்ப் பயப்படுகிறோம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அதனால் கெட்டிக்காரர்கள் ‘குணமாகும்’ என்று போடுவதில்லை. ‘ஸ்பைக் ஆகாது’ (சுகர் திடீரென்று எகிறாதாம்), ‘சுகர் ஃப்ரெண்ட்லி’ என்று போடுகிறார்கள். நான் மதியச் சோற்றைக் குறைத்த அன்று மாலையே ஒரு பாக்கெட் வாங்கிவந்தேன். இதோ, சிறுதானிய பிஸ்கட். முன்பக்கம் வரகுக் கதிர் படம், பச்சை இலை. பின்பக்கம் திருப்புங்கள். எது எடை அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது லேபிள் விதி. முதலில் மைதா. அப்புறம் பாமாயில், சர்க்கரை. வரகைக் காண எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது: 4 சதவீதம்.

பாக்கெட்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். பின்னால் டீ வந்திருக்கிறது. தொட்டுச் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும்.