பக்கத்து செல்லுக்கு என்ன வயது?

நண்பர்களே, வணக்கம்.

குடலின் உள்சுவரில் இருக்கும் செல் சில நாட்களில் உதிர்ந்துவிடும். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். மூளையின் நரம்பு செல்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க நம்மோடு இருப்பவை. இதெல்லாம் பள்ளியிலேயே படித்தோம். நான் பேச வந்தது கல்லீரலையும் கணையத்தையும் பற்றி.

ஒரு திசுவை அரைத்துச் சோதித்தால் சராசரி வயதுதான் கிடைக்கும். சாம்பாரை மிக்சியில் அடித்துவிட்டு முருங்கைக்காயைத் தேடினால் எப்படி? எது கிழடு, எது இளசு, எதன் பக்கத்தில் எது என்று தெரிய வேண்டுமானால் திசு குலையாமல் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தினர் 2019-இல் வெளியிட்ட வேலை எனக்கு மிகவும் பிடித்தது இதனால்தான். எலிக் குட்டிகளை நைட்ரஜன்-15 கலந்த உணவில் வளர்த்தார்கள். சாதாரண நைட்ரஜனைவிட இதில் ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான், கதிரியக்கம் கிடையாது. பிறகு வழக்கமான உணவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன்பின் பிரியாத செல்லின் டிஎன்ஏவில் அந்தக் குழந்தைப் பருவத்து நைட்ரஜன் அப்படியே தங்கும். பிரியப் பிரியப் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

மாதங்கள் கழித்து, திசுவின் மெல்லிய சீவலை முதலில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கிறார்கள். அதே சீவலின் மேல் சீசியம் அயனிக் கற்றையை ஓட்டி, தெறித்து வரும் துகள்களை எடைவாரியாக எண்ணுகிறார்கள். இயற்கையில் நைட்ரஜன்-15 அரை சதவீதம்கூட இல்லை. அதற்கு மேல் இருப்பதெல்லாம் எலி குட்டியாக இருந்தபோது தின்றது! அந்த விகிதத்தை நிறமாக்கிப் படத்தின் மேல் பொருத்தினால், எந்த செல் பழசு என்று கண்ணுக்கே தெரிகிறது.

கல்லீரல் வெட்டினாலும் வளரும் உறுப்பாயிற்றே, இளம் செல்கள்தான் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பெரும்பாலான ஈரல் செல்களுக்கு எலியின் வயதே இருந்தது. அவற்றை ஒட்டிய ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களோ இளையவை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலேயே பழையதும் புதியதும் கலந்திருந்தன. அந்த செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை மயிரிழை இருக்கிறதே, அந்தச் சிறு இழைக்குள்ளேயே ஒரு பகுதி பழையது, ஒரு பகுதி புதியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

இதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிடக் கூடாது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் செல்களின் டிஎன்ஏவில் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2022-இல் மனித ஈரலைக் கணக்கிட்டார்கள். முதுமையிலும் அதன் செல்களின் சராசரி வயது மூன்றுக்குள்தான். ஆனால் குரோமோசோம் தொகுதிகள் கூடுதலாக உள்ள செல்கள் மற்றவற்றைவிட மிக மெதுவாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அந்த இரண்டு வகையும் ஈரலுக்குள் எங்கெங்கே, எதையொட்டி உட்கார்ந்திருக்கின்றன என்று அந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு நுண்ணோக்கிக்குத்தான் வர வேண்டும்.