ஒரு பாட்டரி, இரண்டு ஆம்ப்ளிஃபயர், மூன்று ஃபியூஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

கார் பாட்டரி 12 வோல்ட்தான். அதன் இரண்டு முனைகளையும் கையால் தொட்டாலும் ஷாக் அடிக்காது. இதனாலேயே கார் வயரிங் என்றால் பலருக்கு ஓர் அலட்சியம். ஆனால் அதே பாட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுத்து எஞ்சினைச் சுழற்றுகிறது. பாசிட்டிவ் வயரின் உறை கிழிந்து காரின் பாடியில் பட்டால், சில நூறு ஆம்பியர் அந்த வயரில் பாயும். வயர் பழுக்கும், உறை உருகும், பக்கத்திலுள்ள கார்ப்பெட் பற்றிக்கொள்ளும். சாவியை எடுத்துவிட்டாலும் நிற்காது. ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயரின் மின்வயர் சாவி வழியாக வருவதில்லை. நேராகப் பாட்டரியிலிருந்து வருகிறது.

இன்று காரில் நல்ல இசை கேட்க விரும்புகிறவர்கள் ஓர் ஆம்ப்ளிஃபயரோடு நிற்பதில்லை. கதவு ஸ்பீக்கர்களுக்கு நான்கு சேனல் ஒன்று, பேஸ் ஒலி தரும் சப்வூஃபருக்குத் தனியாக ஒரே சேனல் உள்ள மோனோ ஒன்று என்று இரண்டாவது வைக்கிறார்கள். இரண்டாவது வந்ததும் வயரிங்கின் கணக்கே மாறுகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாட்டரிக்கு அருகே நாம் வைக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற வைப்பதல்ல. வயரைக் காப்பாற்ற வைப்பது. "ஆம்ப்ளிஃபயரிலேயே இரண்டு ஃபியூஸ் சொருகியிருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது. அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே கோளாறு வந்தால்தான் போகும். பாட்டரியிலிருந்து டிக்கி வரை ஐந்து மீட்டர் ஓடிவரும் வயர் நடுவழியில் பாடியில் பட்டால், மின்சாரம் ஆம்ப்ளிஃபயர் வரை வரவே வராது. பட்ட இடத்திலேயே இறங்கிவிடும். ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸுக்குச் செய்தியே போகாது.

இப்போது இரண்டு ஆம்ப்ளிஃபயர் கணக்குக்கு வருவோம். சப்வூஃபருக்கு 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய திறன்) கிளாஸ் டி, கதவுகளுக்கு சேனலுக்கு 75 வாட் வீதம் 300 வாட் கிளாஸ் ஏபி. கிளாஸ் டி, கிளாஸ் ஏபி என்பவை ஆம்ப்ளிஃபயரின் இரண்டு வகைகள். கிளாஸ் டி வாங்குகிற மின்சாரத்தில் 80 சதவீதத்தை ஒலியாக்கித் தரும் என்று வைத்துக்கொண்டால், 500 வாட்டுக்கு 625 வாட் வாங்கும். வண்டி ஓடும்போது உள்ள 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். கிளாஸ் ஏபி பாதிக்குச் சற்று மேல்தான் தரும், மீதி சூடாகப் போய்விடும். அதற்கு 40 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 85. இது முழு வீச்சில் வாங்குவது. பாட்டு ஓடும்போது சராசரியாக இதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனாலும் வயர் முழு வீச்சையும் தாங்க வேண்டும்.

ஐந்து மீட்டர் தூரத்துக்கு இந்த 85 ஆம்பியரைக் கொண்டுவர 4 கேஜ் வயர் வேண்டும் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). ஏறத்தாழ 21 சதுர மி.மீ. செம்பு. அதற்குப் பாட்டரி பக்கம் 100 ஆம்பியர் ஃபியூஸ். பாட்டரி முனையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் அது இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குக் காவலே கிடையாது. எனவே அந்த நீளம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வசதியாக இருக்கிறதென்று டிக்கியில் மெயின் ஃபியூஸை வைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஃபியூஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான் அது.

டிக்கிக்கு வந்ததும் வயர் இரண்டாகப் பிரிய வேண்டும். பெரும்பாலானோர் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக் ஒன்றை வைத்து, அதிலிருந்து இரண்டு 8 கேஜ் வயர் எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். 8 கேஜில் செம்பு எட்டுச் சதுர மி.மீட்டருக்குச் சற்று மேல்தான். 50, 60 ஆம்பியருக்கு மேல் அதற்கு ஃபியூஸ் போடக் கூடாது. அந்தக் கிளை வயர் சீட்டின் இரும்புச் சட்டத்தில் நசுங்கினால், முன்னால் உள்ள 100 ஆம்பியர் ஃபியூஸ் 90 ஆம்பியரைக்கூட ஆட்சேபிக்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். அது 4 கேஜுக்கு வைத்த காவல். 8 கேஜ் வயர் அதற்குள் கொதித்துவிடும்.

வயர் எங்கே மெலிகிறதோ அங்கே ஒரு ஃபியூஸ் என்பது மாறாத விதி. வீட்டில் மெயின் இருக்கும்போதே ஒவ்வோர் அறைக்கும் தனி எம்.சி.பி. வைக்கிறோம் அல்லவா, அதே காரணம்தான். ஆகவே ஃபியூஸ் உள்ள டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். சப்வூஃபர் கிளைக்கு 60, நான்கு சேனல் கிளைக்கு 50. இரண்டையும் கூட்டினால் 110 வருகிறதே, மெயின் 100தானே என்று சந்தேகம் வரும். தவறில்லை. ஒவ்வொரு ஃபியூஸும் தனக்குப் பின்னால் உள்ள வயருக்குப் பொறுப்பு. கூட்டுத்தொகை ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லை.

வயர் வாங்கும்போது கண்ணைத் திறந்து வையுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், மலிவான கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அது செம்பைப்போல மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். உறை தடியாக இருப்பதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். உள்ளே உலோகம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

எஞ்சின் அறையிலிருந்து வயர் உள்ளே வரும் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் எதையும் நுழைக்க வேண்டாம். அந்தத் தகட்டின் விளிம்பு கத்திபோல் இருக்கும். வண்டி அதிர அதிர, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து உறையை அறுத்துவிடும். ஸ்டீரியோவிலிருந்து பாட்டின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. வயரை, மின்வயர் வராத மறுபக்கமாகக் கொண்டுவாருங்கள்.

ஆம்ப்ளிஃபயரின் நெகட்டிவைக் காரின் பாடியோடு இணைக்கும் எர்த் வயர் பாசிட்டிவ் வயருக்கு எந்த வகையிலும் சளைத்ததல்ல. அதே தடிமன், அரை மீட்டருக்குள் நீளம். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகே லக்கை (வயர் முனையில் உள்ள உலோக வளையத்தை) வைத்து போல்ட்டை முடுக்க வேண்டும். மேலே மீண்டும் பெயின்ட் பூசினால் துரு ஏறாது. சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது, அது உயிர் காக்கிற போல்ட். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கும் எர்த் ஒரே இடத்தில் இருக்கட்டும். ஆளுக்கோர் இடமாகக் கொடுத்தால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் ஏறி இறங்குவதற்கு வாய்ப்பு அதிகம்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டெனத் தரும் கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள். ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். ஆயிரம் வாட் வாங்குகிற அமைப்புக்கு அது ஒரு நொடியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும். அந்தப் பணத்தில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்கும், பாட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் போகும் வயர்களைத் தடிமனாக்குங்கள். ஆல்டர்னேட்டர் வயருக்கும் ஃபியூஸ் உண்டு.

சி.என்.ஜி. சிலிண்டர் உள்ள டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டாம். கசிவு வந்தால் வாயு சேரும் இடத்தில் ரிலேயும் ஃபியூஸும் இருக்கக் கூடாது. முன் சீட்டுக்கு அடியில் காற்றோட்டம் பார்த்து வைக்கலாம்.

ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடாமல் அடுத்த பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள். செம்புக் கம்பியைச் சுற்றுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

வேலையெல்லாம் முடிந்த பின், கடைசியாக மெயின் ஃபியூஸைச் சொருகுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை வைத்து, மல்டிமீட்டரால் பாட்டரியில் ஒரு முறையும் ஆம்ப்ளிஃபயர் முனைகளில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ இணைப்பு சரியில்லை. அரை மணி நேரம் பாட்டு ஓடியதும் ஒவ்வொரு லக்கையும் ஃபியூஸ் ஹோல்டரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுடுவது எதுவோ அது தளர்ந்திருக்கிறது. ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி ஒரு முறை முடுக்கிவிடுங்கள். வணக்கம்.