கேள்வியை முதலில் கேளுங்கள்

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம். சங்கம், பிரதேச செயலகம், வைத்தியசாலை, மொத்தக் கடை என்று தரவுத்தளத்தோடு நாளாந்தம் வேலை செய்கிறவர்களுக்கும், கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்கும் உரிய பேச்சு இது. மாதாமாதம் ஓட்டுகிற ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ஒன்று, ஓடும்போதே 'எந்த மாதம், எந்தப் பிரிவு' என்று ஆளிடம் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது, எந்த இடத்தில் கேட்பது என்று பார்ப்போம். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சந்தாப் பட்டியலை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆரக்கிள் தரவுத்தளத்துக்குக் கட்டளை அனுப்பப் பயன்படும் எஸ்கியூஎல் பிளஸில் இதற்கு உள்ள கட்டளை அக்செப்ட். பதிலை வைத்திருக்கும் மாறியின் பெயர், அது எண்ணா எழுத்தா திகதியா என்ற வகை, ப்ராம்ப்ட் என்ற சொல், பிறகு மேற்கோளுக்குள் கேள்வி என்று எழுத வேண்டும். வகையை நம்பர் என்று கொடுத்துவிட்டால், ஒருவர் எழுத்தை அடித்தால் பிழை காட்டித் திரும்பவும் கேட்கும். திகதிக்கு ஃபோர்மட் கொடுத்தால் நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கு தவறும்போதும் அப்படித்தான். டிஃபோல்ட் கொடுத்தால் என்டரை மட்டும் தட்டினாலும் ஒரு பெறுமதி கிடைக்கும். கிடைத்த பதிலை, மாறியின் பெயருக்கு முன்னால் அம்பர்சன்ட் (&) குறி போட்டுக் கட்டளைக்குள் பயன்படுத்தலாம்.

இந்தக் கேள்வியைக் கேட்பது தரவுத்தளம் அல்ல, உங்கள் மேசையில் ஓடுகிற எஸ்கியூஎல் பிளஸ் மென்பொருள்தான். அம்பர்சன்ட் உள்ள இடத்தில் பதிலை அப்படியே ஒட்டிவிட்டு, முழுக் கட்டளையையும் தரவுத்தளம் ஓடும் சேர்வருக்கு அனுப்புகிறது. அதனால்தான் ஆரக்கிளின் நிரல்மொழியான பிஎல் எஸ்கியூஎல்லில், திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஒன்றுக்குள் அம்பர்சன்ட் போட்டுவிட்டு 'ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்' என்று காத்திருந்தால் நடக்காது. லூப் தொடங்குமுன்பே ஒரு தடவை கேட்டு முடிந்துவிடும். சேர்வருக்கு உங்கள் விசைப்பலகை தெரியாது.

ஒட்டுவது மட்டுமே நடக்கிறபடியால் மேற்கோள் குறி உங்கள் பொறுப்பு. தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே பாருங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். புதியதில் 12 இலக்கம். மேற்கோள் போடாமல் எழுதிய ஸ்கிரிப்டில் பழைய இலக்கத்தை அடித்தால் கட்டளையே உடைந்துபோகும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். புதிய இலக்கத்தை அடித்தால்தான் சிக்கல். அது எண்ணாகவே போகும். அட்டவணையில் எழுத்து வகையில் உள்ள நிரலை (கொலம்) ஆரக்கிள் எண்ணாக மாற்றி ஒப்பிடப் பார்க்கும். வழியில் பழைய இலக்கம் ஒன்று வந்தவுடன் 'இன்வலிட் நம்பர்' என்று நின்றுவிடும். அடித்தது சரியான இலக்கம், பிழையோ வேறு யாருடைய வரியிலோ. தேடினாலும் இலேசில் பிடிபடாது. மேற்கோளுக்குள் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. டி'சில்வா மாதிரி மேற்கோள் குறி உள்ள பெயர்கள் வருமானால், கியூ எழுத்தும் சதுர அடைப்பும் சேர்ந்த q'[...]' என்ற மேற்கோள் முறையைப் பாவியுங்கள்.

கேளாத கேள்வியும் வரும். அங்கத்தவர் பட்டியலில் 'முருகன் & சன்ஸ்' என்று ஒரு கடை இருந்து, அந்தப் பெயரைச் சேர்க்கும் கட்டளை ஸ்கிரிப்டில் இருந்தால், சன்ஸ் என்ற மாறிக்குப் பெறுமதி என்ன என்று கேட்கும். வெறுமனே என்டரைத் தட்டினால் சன்ஸ் இல்லாத முருகன்தான் பதிவாவார். கட்டளைக்குள் எழுதிய குறிப்புரையில் அம்பர்சன்ட் இருந்தாலும் இதே கதைதான். அம்பர்சன்ட்டைக் கேள்வியாக எடுக்காதபடி, தரவு ஏற்றும் ஸ்கிரிப்டின் தலையில் செட் டிஃபைன் ஓஃப் போட்டுவிடுங்கள். அக்செப்ட் இல்லாமல், பெறுமதி கொடுக்காத மாறிக்கு முன்னால் ஒரு அம்பர்சன்ட் போட்டால் ஒவ்வொரு தடவையும் கேட்கும். இரண்டு போட்டால் ஒரு தடவை கேட்டு, அந்த அமர்வு முழுக்க வைத்திருக்கும். அடுத்த மாதத்துக்கு அதே அமர்வில் திரும்ப ஓட்டினால் போன மாதமே நிற்கும். முடிவில் அன்டிஃபைன் கட்டளையால் மாறியை அழிக்காமல் விடாதீர்கள்.

பிரிவின் பெயரை அடிக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் கிண்ணியா என்பார், மற்றவர் கின்னியா என்பார். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. ப்ராம்ப்ட் வரிகளால் 1 முதல் 11 வரை பட்டியலைத் திரையில் காட்டி, இலக்கத்தை மட்டும் கேளுங்கள். 12 என்று அடித்தால் அக்செப்ட் தடுக்காது. அதைச் சோதிப்பது உங்கள் வேலை.

இனி, நான் பிடிவாதமாக நிற்கிற இடம்: எல்லாக் கேள்வியையும் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே கேட்டு முடியுங்கள். அப்டேட் செய்துவிட்டு 'கமிட் செய்யவா?' (மாற்றத்தை நிரந்தரமாக்கவா?) என்று கேட்கிற ஸ்கிரிப்டுகளை நிறையக் காணலாம். அந்தக் கேள்வி திரையில் நிற்கும் நேரமெல்லாம் மாற்றிய வரிகள் பூட்டப்பட்டே இருக்கும். இயக்குபவர் தேநீர் குடிக்கப் போனால், அதே அங்கத்தவரின் கணக்கைத் தொட வேண்டிய காசாளர் காத்துக் கிடப்பார். ஆகவே முதலில் செலெக்ட் கவுண்ட் மூலம் எத்தனை வரி மாறப்போகிறது என்று காட்டுங்கள். பிறகு 'ஆம்' என்று அடிக்கச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டின் தலையில், பிழை வந்தால் ரோல்பேக் செய்து (கமிட் ஆகாத மாற்றத்தைக் கைவிட்டு) வெளியேறும் வெனெவர் எஸ்கியூஎல் எரர் கட்டளை இருக்கட்டும். பதில் 'ஆம்' அல்லாத எதுவாக இருந்தாலும், ஒரு சின்ன பிஎல் எஸ்கியூஎல் துண்டு ரெய்ஸ் அப்ளிகேஷன் எரர் கொண்டு ஒரு பிழையை எழுப்பட்டும். ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும், தரவில் கை படாது. ரோல்பேக் என்ற சொல் கட்டாயம். எஸ்கியூஎல் பிளஸ் வழமையாக வெளியேறும்போது கமிட் செய்துவிட்டுத்தான் போகும்.

இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் அக்செப்ட் இருக்கக் கூடாது. ஸ்கிரிப்ட் கோப்பையே உள்ளீடாகத் திருப்பி ஓட்டினால், ஸ்கிரிப்டின் அடுத்த வரியையே பதிலாக விழுங்கிவிடும். அங்கே கட்டளை வரியில் பெறுமதிகளைக் கொடுத்து, அம்பர்சன்ட் 1, அம்பர்சன்ட் 2 என்று எடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அப்படிக் கொடுக்க வேண்டாம். கணினியில் ஓடும் மென்பொருள்களின் பட்டியலில் மற்றவர்களும் பார்க்கலாம். ஆள் இருந்து அடிப்பதானால் அக்செப்டோடு ஹைட் சேர்த்து, அடிப்பது திரையில் தெரியாமல் மறையுங்கள்.

மற்றத் தரவுத்தளங்கள் பற்றிச் சுருக்கமாக. போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல்லில் பின்சாய்கோடு ப்ராம்ப்ட் (\prompt) உண்டு. மாறியின் பெயரை மேற்கோளுக்குள் இட்டு அதற்கு முன் முக்காற்புள்ளி வைத்தால், அதுவே ஒழுங்காக மேற்கோள் இட்டுத் தரும். இந்த விஷயத்தில் ஆரக்கிளை விட அது மேல். மைஎஸ்கியூஎல்லில் ப்ராம்ப்ட் என்ற கட்டளை இருந்தாலும் அது திரையில் வரும் முன்னொட்டை மாற்றுவதற்கு. கேள்வியை ஷெல்லில் (இயங்குதளத்தின் கட்டளைத் திரையில்) ரீட் கொண்டு கேட்டு அனுப்ப வேண்டும். எஸ்கியூஎல் சேர்வரின் எஸ்கியூஎல்சிஎம்டியும் தானாகக் கேட்காது. பவர்ஷெல்லில் கேட்டு, வி (-v) என்ற தெரிவால் கொடுங்கள்.

கடைசியாக, பதில் தமிழில் வருமானால். எழுத்துக்குறி (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 ஆக இருக்கும்போது 'திருகோணமலை' என்ற சொல்லுக்கு 30 பைட் வேண்டும்; உயிர்மெய்க் குறியும் தனியாக 3 பைட் பிடிக்கும். 20 பைட் நிரலில் அது அடங்காது. நிரலை வரையறுக்கும்போது பைட் அல்ல, சார் (CHAR) என்று குறிப்பிடுங்கள். ஊர்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகியிருந்தால், பெரும்பாலும் என்எல்எஸ் லாங் (NLS_LANG) என்ற ஆரக்கிள் மொழி அமைப்பும் திரையின் எழுத்துக்குறியும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அப்படிப் பதிவானதை மீட்க முடியாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். ஆகவே ஒரு சொல்லை அடித்துப் பார்த்துச் சரி என்று கண்ட பிறகே ஸ்கிரிப்டை அலுவலகத்தில் மற்றவர் கையில் கொடுங்கள். வணக்கம்.